தாலி ஏறும் வரை பாடக் கூடாது

“சர்க்கரை போதுமா?” என்று நான் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண் பார்ப்பது பேருக்குத்தான். என் மகள் பெனிட்டாவும் அந்தப் பையன் ஜெரால்டும் திண்டிவனத்தில் ஒரே மருந்துக் கடையில் வேலை செய்து, ஒருவரை ஒருவர் தாராளமாகப் பார்த்து முடித்திருந்தார்கள். இனிமேல் பெரியவர்கள் வந்து பஜ்ஜி தின்று “புடிச்சிருக்குது” என்று சொன்னால் சம்பிரதாயம் தீர்ந்தது.

வந்தவர்களில் முக்கியமானவர் பையனின் அத்தை சலேத்தம்மாள். தாயில்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவர். பையனின் அப்பாகூட, நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்பதை அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்.

அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. பேச்செல்லாம் என் வீட்டுக்காரர் அந்தோணிதான். நான் டீத் தட்டோடு போய், சலேத்தம்மாள் முன்னால் குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டேன்.

டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

“இன்னொரு தபா பேசு,” என்றார்.

“சர்க்கரை போதுமான்னு கேட்டேங்க.”

“இந்தக் குரலு... நீதானே எங்க வூட்டுக்காரரு சாவுக்கு வந்து பாடுன?”

பஜ்ஜி தின்ற வாயெல்லாம் அப்படியே நின்றன. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது.

“ஆமாங்க, இவளேதான்!” என்றார் பூரித்துப்போய். “நம்ம சுத்துப்பட்டுல எந்த சாவுன்னாலும் இவதாங்க. இவ பாடுனா கல்லுகூட அழுதுடும்.”

இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கே எனக்கு மோட்சத்தில் ஜன்னலோர இடம் தர வேண்டும்.

சலேத்தம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். “பொண்ணு புடிச்சிருக்குது. குடும்பமும் புடிச்சிருக்குது. ஒன்னே ஒன்னு. கல்யாணத்துல இந்தம்மா பாடக் கூடாது. பாடுனா இந்த சம்மந்தமே வேணாம்.”

எங்கள் ஊர்க் கோயில் பாட்டுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. குழுவில் இருப்பவர் வீட்டுக் கல்யாணம் என்றால், பூசையில் ஒரு பாட்டு அவர் தனியாகப் பாட வேண்டும். மாமன் சீர் மாதிரி அது ஒரு உரிமை. எனக்கு இருப்பது ஒரே பெண். அந்த ஒரு பாட்டுக்காக நான் அவள் பிறந்த நாளிலிருந்து காத்திருந்தேன். யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் காத்திருந்தேன்.

அன்றைக்கு எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம்தான் முதலில் வந்தது. அடுக்களைக்குப் போய், மிச்சமிருந்த வாழைக்காயை எல்லாம் தேவையில்லாமல் நறுக்கி வைத்தேன்.

“சொல்லுங்க சார்”

என் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் கேட்காது என்பதுதான் இதை எழுதுவதில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி.

என் குரல் கனம். பெண் பிள்ளைக்கு இருக்க வேண்டிய இடத்திலிருந்து நாலு படி இறங்கி உட்கார்ந்திருக்கிறது. போனில் பேசினால், பேங்க்காரப் பெண், கேஸ் கம்பெனிக்காரப் பெண், எல்லாரும் “சொல்லுங்க சார்” என்பார்கள். “சார் இல்லம்மா, மேடம்” என்றால், “மேடம்கிட்ட போனக் குடுங்க சார்” என்பார்கள். இப்போதெல்லாம் நான் திருத்துவதில்லை. சாராக இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைப் பாட்டுக்கு எங்கள் சிஸ்டர் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, காதோடு சொன்னார்: “நீ வாய மட்டும் அசை, போதும்.” பத்தாவது வரைக்கும் அசைத்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பாட்டுக் குழுவில் சேர்ந்த பிறகும் அசைத்தேன்.

அதற்குக் காரணம் சகாயராஜ். எங்கள் கோயில் கீபோர்டுக்காரன். நல்ல பையன், வேலை சுத்தம். ஆனால் அவனுக்கு விரல் ஓடுவது ஒரே சுருதியில்தான். பெண்களுக்கு ஐந்து கட்டை. விடிகாலைப் பூசையும் ஐந்து கட்டை, தேர்த் திருவிழாவும் ஐந்து கட்டை. சுருதியை ஏற்றி இறக்க அந்தப் பெட்டியிலேயே ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் பூசையில் பாட்டு நடுவே அவன் கை அதில் பட்டு, குழு ஒரு பக்கமும் கீபோர்டு ஒரு பக்கமும் போய், சாமியார் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டார். மறுநாளே சகாயராஜ் அந்தப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டான்.

அதன் பிறகு எங்கள் கோயில் பங்கில் பிறந்து வளர்ந்த எல்லாப் பெண்களின் குரலும் ஐந்து கட்டை என்று ஆகிவிட்டது. எட்டாதவர்கள் பக்தி குறைந்தவர்கள்.

கீபோர்டு போகாத இடம்

கீபோர்டு போகாத இடம் ஒன்று உண்டு. சாவு வீடு.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பாட்டுக் குழு போய் உட்கார்ந்து, சாமியார் மந்திரித்துப் பிணத்தை எடுக்கிற வரைக்கும் பாட வேண்டும். வெறும் வாய்ப்பாட்டுதான். பெட்டி தட்டினால் கச்சேரி மாதிரி இருக்கும் என்று வைப்பதில்லை. ஒருமுறை முதல் குரல் எடுக்கிற ஜெயராணிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு யாரும் இல்லை. சரி, அழுகிற சத்தத்தில் என் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது என்று நான் எடுத்தேன்.

சுருதி சொல்ல யாருமில்லாததால் என் தொண்டைக்கு எது சுகமோ அங்கே ஆரம்பித்தேன். பிற்பாடு சகாயராஜ் சொன்னான், அது ஏறக்குறைய இரண்டு கட்டை, ஆம்பளை சுருதி என்று. எனக்கென்ன தெரியும்? காலில் கடித்துக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றிப் போட்டது மாதிரி இருந்தது. முதல் வரி முடிவதற்குள் தெருவே கப்சிப் என்று ஆனது. இரண்டாவது வரியில் அழ ஆரம்பித்தார்கள். அதுவரை சொத்து விஷயமாகப் பேசிக்கொண்டிருந்த மருமகன்கள் உள்பட.

அவ்வளவுதான். என் தலையெழுத்து அன்றோடு எழுதப்பட்டது.

“உன் குரலுக்கு சாவுப் பாட்டுதான்மா செட் ஆவுது,” என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். வயசானவர்கள் முன்பதிவே செய்துவிட்டார்கள். என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற கிழவி, துணியைக் கொடுத்துவிட்டு, “நான் போனா நீ வெளியூருக்கு எங்கியும் போயிடாத, இன்னா?” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கஷ்டமும் இருந்தது. செஞ்சி பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். என்னைக் கண்டதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவரை இரண்டு நர்ஸ் சேர்ந்து தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்களாம். “டாக்டரு நாளைக்கி டிஸ்சார்ஜின்னு சொல்லிட்டாரும்மா, நீ கெளம்பு,” என்றார். பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

என் குரலுக்குப் பயப்படாதவர் ஒரே ஒருவர்தான். என்னிடம் துணி தைக்கிற ஜைனர் வீட்டு அம்மா. “எங்க வீட்டு சாவுக்கு நீ வரப் போறதில்ல, எனக்கு இன்னா பயம்?” என்பார். அவர் இருக்கும்போது மட்டும் மிஷின் மிதித்துக்கொண்டே கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன்.

ஊரெல்லாம் பாடகர்

அந்த நிபந்தனைக்கும் தலையாட்டிச் சம்பந்தம் பேசி முடித்த மறுவாரமே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பாடக் கூடாது என்று சொன்னது இந்தக் குரலை. குரலை மாற்றிவிட்டால்? சந்தோஷமான ஒரு பாட்டை, எல்லாரையும் போல உச்சத்தில் பாடிக் காட்டிவிட்டால், அந்த அம்மாளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

யோசனை கேட்கச் செஞ்சியில் ஆளுக்கா பஞ்சம்? இப்போது ஊரில் பாடாதவர் இல்லை. போனில் ஒரு ஆப்பு இருக்கிறது; இசை அது போட்டுக்கொள்ளும், வாய் மட்டும் நம்முடையது. டீக்கடைக்காரர் பாடுகிறார், பத்திரம் எழுதுகிறவர் பாடுகிறார். கல்யாண மண்டபங்களில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மணமகனின் மேலதிகாரி பாடுகிறார். அத்தனை பேரும் எடுப்பது எட்டாத பாட்டு. பல்லவியில் சிங்கம் மாதிரி ஆரம்பித்து, சரணத்தில் கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் ஆட்டுக்குட்டி மாதிரி முடிக்கிறார்கள். கைதட்டல் மட்டும் குறைவதில்லை, ஏனென்றால் தட்டுகிறவர் அடுத்துப் பாட வேண்டும்.

ஒரு ரவிக்கை தைக்க நாங்கள் அளவு ஜாக்கெட் கேட்கிறோம். “அவ போட்டிருக்கிற மாதிரியே தைச்சுடு” என்று அடுத்த வீட்டுக்காரியின் ரவிக்கையைக் கொண்டுவந்தால், “உனக்கு மூச்சு விட முடியாதும்மா” என்று சொல்லிவிடுவேன். பாட்டு விஷயத்தில் மட்டும் ஊரே அடுத்தவர் ரவிக்கையில் நுழைந்துகொண்டிருக்கிறது. இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நானும் நுழைந்தேன்.

மலை ஏறினால் குரல் ஏறுமா?

பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் “குரல் வளப் பயிற்சி” என்று ஒரு போர்டு தொங்கும். மாஸ்டர் என்னை ‘ஆ’ சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“உங்க குரல் தரையில கெடக்குது. மேல ஏத்தணும். அதுக்கு மேலான எடத்துல போயி சாதகம் பண்ணணும். ஒசரம் ஏற ஏற சுருதி ஏறும். நம்ம ஊர்ல மலைக்கு இன்னாங்க கொறச்சல்?”

இப்போது சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் செஞ்சியில் இருந்து பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை, பாறை மேல் கோட்டை. எங்கள் ஊரில் எந்தக் கஷ்டத்துக்கும் யாராவது ஒருவர் மலை ஏறச் சொல்லத்தான் செய்வார்கள். சர்க்கரை வியாதிக்கும் மலை, பிள்ளை மார்க் வாங்காததற்கும் மலை. ராஜகிரிக் கோட்டை என் முட்டிக்கு ஆகாது என்று, அதைவிட உயரம் குறைந்த கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு டிக்கெட் வாங்கினேன். பாதியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, தண்ணீர் குடித்து, பையிலிருந்த பொரிகடலையைக் குரங்குக்குப் பறிகொடுத்து, பிறகு கண்ணை மூடி ஐந்து கட்டையில் எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் பின்னால் ஒரு வெளியூர்க் குடும்பம், குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு.

“இன்னாக்கா ஆச்சு? குரங்கு கடிச்சிடுச்சா?”

“இல்லப்பா.”

“வழுக்கி வுழுந்துட்டீங்களா? இவங்க மேல ஒரு லேடி கத்துறாங்கன்னு சொன்னாங்க.”

“பாடுனேன்பா.”

அவர் அந்தக் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குடும்பம் என்னைப் பார்த்தது. “கீழ எறங்கிப் பாடுங்கக்கா,” என்றார் கனிவாக. அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிளாஸ்திரியைப் பிய்த்த நாள்

இறங்கி நேராகச் சகாயராஜ் வீட்டுக்குப் போனேன். “அந்தப் பிளாஸ்திரியப் பிய்டா,” என்றேன்.

“அக்கா, அது டேஞ்சருக்கா.”

“பிய்க்கிறியா, நான் பிய்க்கவா?”

பிய்த்தான். அடியில் அழுக்கில்லாமல் பட்டன் புதுசாக இருந்தது. நான் அடிக்குரலில் எதுவரை இறங்க முடிகிறது, கத்தாமல் எதுவரை ஏற முடிகிறது என்று பார்த்தோம். கீழே இரண்டு ஸ்வரம், மேலே இரண்டு ஸ்வரம் மிச்சம் விட்டு, நடுவில் இருப்பதுதான் என் இடம் என்று வைத்துக்கொண்டோம். தையலுக்கு உள்ளே துணி விடுவது மாதிரி. பிறகு ஒவ்வொரு கல்யாணப் பாட்டாக எடுத்துப் போட்டுப் பார்த்தோம்.

குதிக்கிற பாட்டு எனக்கு ஆகவில்லை. மூச்சு விடாமல் வார்த்தை கொட்டுகிற புதுப் பாட்டுகளும் ஆகவில்லை; அவை ரயில் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு எழுதியவை. கடைசியில் நின்றது ஒரு மாதா பாட்டு. பிள்ளைகளை அம்மா கையில் ஒப்படைக்கிறோம், பார்த்துக்கொள் என்கிற சின்னப் பாட்டு. பெரிய ஏற்றமில்லை, இறக்கமில்லை. இரண்டு கட்டைக்கு இறக்கியதும் என் தொண்டையில் அது தன் வீட்டுக்குள் வந்தது மாதிரி உட்கார்ந்தது.

ஆனந்தமாக வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முழுசாக ஒருமுறை பாடிப் பார்த்தேன். முடித்துக் கதவைத் திறந்தால், என் வீட்டுக்காரர் சட்டை மாட்டி, தோளில் துண்டு போட்டு, செருப்புக் காலோடு நிற்கிறார்.

“யாரு செத்தது?” என்றார்.

அன்று நான் சாப்பிடவில்லை. அவருக்கும் போடவில்லை.

சாமியார் தீர்ப்பு

பெண் பார்த்த அன்று உள்ளறையில் இருந்ததால் காதில் விழாமல் போன அந்த நிபந்தனை, இதற்குள் பெனிட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சத்தம் போடுகிற பெண் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கைகால் கழுவினாள், அவள் அப்பாவிடம் சொன்னாள்: “நைனா, எங்கம்மா பாடலன்னா கோயில்ல எனக்கு ஓலை வாசிக்க வேணாம்னு சாமியாராண்ட சொல்லிட்டு வந்துட்டேன்.”

ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்கிற அறிவிப்பு. அது வாசிக்காமல் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு பிபி ஏறியது. என் ஒரு பாட்டுக்காக அவள் வாழ்க்கை நிற்பதா? “வேணாம்டி, நான் பாடல. எனக்கு ஆசையே இல்ல,” என்றேன்.

“பொய் சொல்லாத. தொண்ட கட்ற அளவுக்கு மலை மேல போயி கத்திட்டு வந்திருக்குற,” என்றாள்.

சாமியார் இரண்டு குடும்பத்தையும் கோயிலை ஒட்டிய தன் பங்களாவுக்கு வரவழைத்தார். சகுனம் பார்ப்பது நம் விசுவாசத்துக்கு விரோதம், அது பெரும் பாவம் என்று நன்றாகவே விளக்கினார். சலேத்தம்மாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருந்தாலும்...” என்றார். அந்த ‘இருந்தாலும்’ வந்துவிட்டால் எந்தப் பாவமும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

தீர்ப்பு இதுதான். தாலி ஏறும் வரை நான் வாய் திறக்கக் கூடாது. தாலி கட்டி முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில் பதிவில் கையெழுத்துப் போடும்போது பாடிக்கொள்ளலாம்.

சலேத்தம்மாள் யோசித்தார். “தாலி ஏறுனப்புறம் எந்தச் சகுனத்தாலயும் அவுக்க முடியாதில்ல? அப்ப சரி,” என்றார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. கெட்ட எண்ணம் உள்ளவர்கள் முகத்தை நேராகப் பார்ப்பார்கள். இவர் ஏதோ வெட்கப்படுகிறவர் மாதிரி தரையைப் பார்த்தார். இருக்கட்டும், எனக்கு அன்றைக்கு மற்றவர் மனசை ஆராயப் பொறுமை இல்லை.

“எப்ப எடுக்குறாங்க?”

கல்யாண நாள். தாலித் தட்டை எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்க பெஞ்சு பெஞ்சாகக் கொண்டு வந்தார்கள். பையனை வளர்த்து ஆளாக்கிய சலேத்தம்மாள் முன் பெஞ்சில் இருப்பார் என்று தேடினேன். இல்லை. கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தட்டு தன்னிடம் வந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, அடுத்தவரிடம் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

தாலியறுத்தவள் தொடக் கூடாதாம். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவரே தடுத்துக்கொண்டார். என் வாயைக் கட்டியவர் தன் கையையும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

தாலி ஏறியது. மேளம் அடங்கியது. பிள்ளைகள் இருவரும் பீடத்துக்குப் பக்கத்து மேஜைக்குப் போனார்கள். சகாயராஜ் சிலுவை போட்டுக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்தினான். நான் எடுத்தேன்.

ஒன்று சொல்கிறேன், நான் நன்றாகப் பாடினேன். குரல் பிசிறவில்லை, நடுங்கவில்லை. அது சந்தோஷமான பாட்டு, நான் சந்தோஷமாகத்தான் பாடினேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் குரல் கேட்டுப் பழக்கப்பட்ட இடம் வேறல்லவா?

முதல் வரியிலேயே முன் பெஞ்சில் மூக்குறிஞ்சும் சத்தம். இரண்டாவது வரியில் பெண்கள் பக்கம் முந்தானையெல்லாம் மேலே போயிற்று. என் நாத்தனார்கள் இரண்டு பேர், நிலத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பூசை ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் குரல் காதில் விழுந்ததும் திடுக்கிட்டு விழித்து, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: “எப்ப எடுக்குறாங்க?”

கோயில் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் மிரண்டார்கள். பிறகு, இந்த ஊரில் பொண்ணு மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்கள். வீடியோக்காரர்கூட ஒரு கையால் கேமராவையும் இன்னொரு கையால் கண்ணையும் பார்த்துக்கொண்டார். தூணுக்குப் பின்னாலிருந்து சலேத்தம்மாள் எழுந்து நிற்பது தெரிந்தது. முடிந்தது கதை, என் மகளின் கல்யாணத்தை நானே சாவு வீடாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். நிறுத்தவும் முடியவில்லை. பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி.

அப்போதுதான் பெனிட்டாவைப் பார்த்தேன். கையில் பேனா. தோள் குலுங்கியது. அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். முந்நூறு நானூறு பேர் அழுகிற கோயிலில் அவள் ஒருத்தி வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சரணத்தை அவள் முகத்தைப் பார்த்தே முடித்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சலேத்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என் மகளிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ஊரே அழுவுது. நீ மட்டும் ஏன்டி சிரிச்ச?” என்று கேட்டார்.

“எனக்கு இன்னாத்துக்கு அழுவ வரும், அத்த? எங்கம்மா சமைக்கிறப்ப இப்படித்தான் பாடுவாங்க. சின்ன புள்ளையிலேர்ந்து எனக்கு இந்தக் குரலு கேட்டா பசிதான் எடுக்கும். கையெழுத்துப் போடுறப்பவே பசி. அதான் சிரிப்பு வந்துடுச்சு.”

நான் சமைக்கும்போது பாடுவேன் என்பது எனக்கே தெரியாது. யாரும் சொன்னதில்லை.

சலேத்தம்மாள் அவளையே பார்த்தார். பிறகு, அத்தனை மாதத்தில் முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க வூட்டுக்காரர ரெண்டு நாளு ஐஸ் பெட்டியில வெச்சிருந்தோம், அவரு தம்பி வெளிநாட்டுலேர்ந்து வரணும்னு. எனக்குத் தண்ணிகூட எறங்கல. அப்ப நீ வந்து பாடுன. பாடி முடிச்சதும் எனக்கு அப்படி ஒரு பசி. பொணம் நடு வூட்ல கெடக்குது, எனக்கு சோறு சோறுன்னு வயிறு கூவுது. பின்னால போயி யாருக்கும் தெரியாம பழைய சோத்த அள்ளித் தின்னேன். நான்லாம் ஒரு பொம்பளையான்னு எனக்கே ஆயிடுச்சு. இத்தன வருஷமா யாராண்டயும் சொல்லல. உன் குரலக் கேட்டாலே அதான் ஞாபகம் வருது.”

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆண்டவர் கிருபை, நான் சரியான நேரத்தில் அவர் காலை மிதித்துவிட்டேன்.

“இப்பவும் பசிக்குதா அத்த?” என்று பெனிட்டா கேட்டாள்.

சலேத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பசிக்குதுடி,” என்றார்.

கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறேன் என்று பின்வாங்கியவரைப் பெனிட்டா கையைப் பிடித்து இழுத்துப்போய், முதல் பந்தியில் தனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார வைத்தாள். பரிமாறுகிற ஆளிடமிருந்து கரண்டியை வாங்கி அவர் இலையில் நானே பிரியாணி வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டார். காலியானதும் இலையில் விரலால் தட்டி, “இன்னும் கொஞ்சம் வையி,” என்றார்.